பத்திரமும் முறியும்: உயர் விளைச்சல் கடன் நிதியங்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

கதை, கவிதை, கோட்பாடு என்று பேசிவருகிற பக்கங்களில் கடன் பத்திர நிதியம் பற்றி எதற்குப் பேச்சு என்று கேட்கலாம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வட்டிக் கணக்கில் என்ன வேலை என்றும் கேட்கலாம். பிரதிகளைப் படிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. இன்றைய உலகில் மிக அதிகமானவர்கள் கையெழுத்திடுகிற, மிகக் குறைவானவர்கள் படிக்கிற பிரதி என்று ஒன்று உண்டென்றால், அது முதலீட்டு நிதியங்கள் அச்சிட்டுத் தரும் தகவல் ஆவணம்தான். நாவலைக் கட்டுடைக்கிற நாம் அதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. மேடையில் மூலதனத்தை வறுத்தெடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஓய்வூதியப் பணத்தை எங்கே போடுவது என்று யோசிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாத்தியார் வேலையிலோ வங்கி வேலையிலோ முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த பணம் அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நண்பர்களுக்கு வங்கிக் கவுண்ட்டரிலேயே 'உலகளாவிய உயர் விளைச்சல் கடன் நிதியம்' விற்கப்படுகிறது. "மாசாமாசம் கைக்குக் காசு வரும் சார், ஃபிக்ஸட் டெபாசிட்டைவிட டபுள்" என்பது அங்கே வழக்கமான பேச்சு. இந்தியாவில் வசிப்பவரும் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பி முதலீடு செய்ய ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆக, இது யாரோ வால் ஸ்ட்ரீட்காரனுடைய விவகாரம் அல்ல.

எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. இந்த நிதியங்களில் ஆபத்து எங்கே இருக்கிறது, அது என்ன பெயரில் மறைந்திருக்கிறது, கடைசியில் யார் தலையில் விழுகிறது என்ற மூன்று கேள்விகளைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பதுதான் நோக்கம்.

2

சொல்லிலிருந்து தொடங்கலாம். கடன் வாங்கியவர் எழுதிக் கொடுக்கிற தாளைத் தமிழ்நாட்டில் 'பத்திரம்' என்கிறோம். நம் பேச்சில் பத்திரம் என்றால் பாதுகாப்பும்கூட. "பத்திரமா போயிட்டு வா", "பத்திரமா வச்சுக்கோ." கையில் பத்திரம் இருந்தால் பணம் பத்திரமாக இருக்கிறது என்ற மயக்கத்தை மொழியே நமக்கு ஊட்டிவிடுகிறது. இலங்கைத் தமிழிலோ அதே தாளுக்கு 'முறி' என்றும் 'பிணைமுறி' என்றும் பெயர். எழுதிக் கொடுத்த ஆவணத்தை முறி என்பது பழைய வழக்கு. ஆனால் இன்றைய காதுக்கு முறி என்றவுடன் முறிவதுதான் கேட்கிறது. ஒரே பொருளுக்குப் பாக்கு நீரிணையின் இந்தப் பக்கம் பாதுகாப்பின் சொல், அந்தப் பக்கம் உடைவின் சொல். 2022இல் நடந்ததைப் பார்த்தால் அந்தப் பக்கத்துச் சொல்தான் நேர்மையானது என்று தோன்றுகிறது.

அடுத்தது 'உயர் விளைச்சல்'. இது வயலிலிருந்து போன உருவகம். 1966இல் ஐ.ஆர்.8 நெல் வந்தபோது நாம் கேட்ட அதே அடைமொழிதான். விளைச்சல் என்ற சொல் வந்தவுடன் நிலம், மழை, உழைப்பு என்றொரு இயற்கையான காட்சி மனதில் விரிகிறது. பணம் பூமியிலிருந்து தானாக முளைப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. யாரோ ஒருவர் உழைத்து அந்த வட்டியைக் கட்டியாக வேண்டும் என்பது இந்த உருவகத்தில் காணாமல் போகிறது.

இதே பத்திரங்களுக்கு அமெரிக்கச் சந்தையில் இன்னொரு பெயரும் உண்டு: 'ஜங்க்', அதாவது குப்பை. இரண்டு குறிப்பான்கள், ஒரே குறிப்பீடு. விற்கும்போது விளைச்சல், திவாலாகும்போது குப்பை. எந்தப் பெயர் எப்போது எவர் வாயிலிருந்து வருகிறது என்று கவனித்தாலே பாதி அரசியல் விளங்கிவிடும்.

எல்லைக்கோடு எங்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடன் வாங்குகிற நிறுவனத்துக்கும் நாட்டுக்கும் மதிப்பெண் போட ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ், மூடிஸ், ஃபிட்ச் என்ற மூன்று பெரிய தரநிர்ணய நிறுவனங்கள் இருக்கின்றன. முதலில் சொன்னதன் அளவுகோலில் டிரிபிள் ஏ உச்சம். டிரிபிள் பி மைனஸ் வரை 'முதலீட்டுத் தரம்'. அதற்கு ஒரு படி கீழே, டபுள் பி பிளஸ்ஸிலிருந்து தொடங்குவதெல்லாம் உயர் விளைச்சல். இந்த மதிப்பெண்ணுக்குப் பெரும்பாலும் காசு கொடுப்பது மதிப்பிடப்படுகிற ஆளேதான். பரீட்சை எழுதுகிறவன் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு. 2008க்கு முன் அமெரிக்க வீட்டுக்கடன் மூட்டைகளுக்கு டிரிபிள் ஏ போட்டதும் இதே நிறுவனங்கள்தாம்.

3

இனிக் கணக்கு. பயப்பட வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்குதான்.

100 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பத்திரம் ஆண்டுக்கு 8 ரூபாய் வட்டி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிய நிறுவனம் தள்ளாடுகிறது என்ற செய்தி பரவினால் சந்தையில் அந்தப் பத்திரத்தின் விலை 80க்கு இறங்கும். இப்போது வாங்குகிறவருக்கு 80 ரூபாய்க்கு 8 ரூபாய், அதாவது 10 சதவீதம். விலை 50க்கு விழுந்தால் 16 சதவீதம். நிறுவனம் ஒரு பைசாகூடக் கூடுதலாகத் தரவில்லை. ஆனால் 'விளைச்சல்' இரட்டிப்பாகிவிட்டது. விளம்பரத்தில் மின்னுகிற அந்த எண் பல சமயம் நோயாளியின் காய்ச்சல் அளவு. அதை ஆரோக்கியத்தின் அளவாக நினைத்து வாங்குவதுதான் முதல் ஆபத்து.

இரண்டாவது கணக்கு. ஒரு நிதியம் 100 நிறுவனங்களுக்குத் தலா 100 ரூபாய் கடன் தருகிறது. மொத்தம் 10,000. வட்டி 9 சதவீதம் என்றால் வரவேண்டியது 900. இவற்றில் ஐந்து நிறுவனங்கள் அந்த ஆண்டு மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுகின்றன. திவாலான நிறுவனத்திடமிருந்து கடைசியில் 100க்கு 40 கிடைக்கும் என்று கொண்டால் (பிணையில்லாத கடன்களில் நீண்டகாலச் சராசரி ஏறக்குறைய இப்படித்தான்) முதலில் நஷ்டம் 300. அந்த ஐந்தின் வட்டி 45 வரவில்லை. மிச்சம் 555. நிதியத்தை நடத்துகிறவர்களுக்குக் கட்டணம் ஒன்றரை சதவீதம், அதாவது 150. கைக்கு வருவது 405. விளம்பரத்தில் 9 சதவீதம், கையில் 4 சதவீதம். சாதாரண ஆண்டின் கதை இது.

மோசமான ஆண்டில் 12 நிறுவனங்கள் கவிழ்கின்றன, கிடைப்பது 40 அல்ல, 30 என்று வையுங்கள். முதலில் நஷ்டம் 840, வராத வட்டி 108. வந்த 792ஐ நஷ்டம் விழுங்கிவிடுகிறது. மேலும் 48 குறைகிறது. கட்டணத்தை மட்டும் வழக்கம்போல் எடுத்துக்கொள்வார்கள். மொத்தத்தில் 198 ரூபாய் பள்ளம். இதில் கவிழாமல் நிற்கிற 88 பத்திரங்களின் விலைச்சரிவை நான் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் என்னவாகும் என்பதை 2008 காட்டியது. அந்த ஓர் ஆண்டில் அமெரிக்க உயர் விளைச்சல் பத்திரங்களின் குறியீடு கால் பங்குக்கு மேல் சரிந்தது. அரசுப் பத்திரத்தைவிட 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடுதல் வட்டி தருவதாக இருந்தால்தான் வாங்க ஆள் என்ற நிலை அந்த டிசம்பரில் வந்தது. 2009இல் அதே குறியீடு பாதிக்கு மேல் ஏறியது என்பதும் உண்மை. ஆனால் வேலை போய், வீட்டுச் செலவுக்காக 2008 இறுதியில் விற்றவருக்கு அந்த ஏற்றத்தால் என்ன பயன்? காத்திருக்க முடிந்தவருக்கே ஏற்றம். காத்திருக்க முடிவது என்பதே ஒரு வர்க்கச் சலுகை.

இந்தத் தொழிலுக்குச் சித்தாந்தம் வகுத்தவர் மைக்கேல் மில்கன். பிராடாக் ஹிக்மன் என்ற பொருளியலாளர் 1900 முதல் 1943 வரையிலான அமெரிக்கக் கம்பெனிப் பத்திரங்களை ஆராய்ந்து 1958இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். தரம் குறைந்த பத்திரங்களையே பலவாகச் சேர்த்து நீண்டகாலம் வைத்திருந்தால், சில கவிழ்ந்தாலும் மொத்தத்தில் லாபமே என்ற முடிவை மில்கன் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். அதுவரை சந்தையிலிருந்த குப்பைப் பத்திரங்களில் பெரும்பாலானவை ஒருகாலத்தில் நல்ல நிலையில் இருந்து கெட்டுப்போன நிறுவனங்களுடையவை. 'விழுந்த தேவதைகள்' என்று அவற்றுக்குப் பெயர். பிறக்கும்போதே குப்பையாகப் பிறக்கும் பத்திரங்களுக்கு டிரெக்ஸல் பர்ன்ஹாம் லாம்பெர்ட் என்ற நிறுவனத்திலிருந்து மில்கன் பெருஞ்சந்தையை உருவாக்கினார். 1980களில் பெரிய கம்பெனிகளைக் கடன் வாங்கியே விழுங்குகிற படையெடுப்புகளுக்கு இந்தப் பணம்தான் தீனி. விழுங்கப்பட்ட கம்பெனியே அந்தக் கடனைக் கட்ட வேண்டும்; அதற்காக ஆட்குறைப்பு. 1990 பிப்ரவரியில் டிரெக்ஸல் திவாலானது. அதே ஆண்டு ஏப்ரலில் மில்கன் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டார். பத்தாண்டுத் தண்டனை, ஏறத்தாழ இரண்டாண்டுச் சிறை. 2020இல் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

மில்கனின் தனிமனித ஒழுக்கத்தைவிட அவருடைய வாதத்தின் ஓட்டை முக்கியமானது. 'பலவாகப் பிரித்துப் போட்டால் ஆபத்து குறையும்' என்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் காரணத்துக்காக, தனித்தனியாகக் கவிழும்போது மட்டும் சரி. வட்டி உயர்ந்தால், கடன் வறண்டால், உலக வர்த்தகம் நின்றால் எல்லாம் சேர்ந்தே கவிழும். நூறு படகுகளில் பிரித்து ஏற்றினாலும் கடல் ஒன்றுதானே.

4

மூன்றாவது ஆபத்து பெரும்பாலானவர்களின் கண்ணில் படுவதில்லை. நிதியத்தில் போட்ட பணத்தை நினைத்த நாளில் திரும்பக் கேட்கலாம் என்பது ஒப்பந்தம். ஆனால் நிதியம் வாங்கி வைத்திருக்கிற பத்திரங்களை நினைத்த நாளில் விற்க முடியாது. பங்குகளைப் போல அவற்றுக்குப் பரபரப்பான சந்தை கிடையாது. தரகரிடம் போன் போட்டு, ஆள் தேடி, பேரம் பேசி விற்க வேண்டும். பல பத்திரங்கள் வாரக்கணக்கில் கைமாறாமலே கிடக்கும். உள்ளே நிலம், வெளியே உண்டியல். யாரும் அவசரப்படாத வரைக்கும் இந்த முரண்பாடு தெரியாது.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? முதலில் வெளியேறுகிறவர்களுக்குப் பணம் கொடுக்க, எளிதில் விற்கக்கூடிய நல்ல பத்திரங்கள் முதலில் போகும். மிச்சம் இருப்பவர்களின் கையில் விற்க முடியாத சரக்கு மட்டும் தேங்கும். இது தெரிந்தவர் முந்திக்கொள்வார். எல்லாரும் முந்தினால் கதவு அடைபடும். 2015 டிசம்பரில் நியூயார்க்கில் தேர்ட் அவென்யூ ஃபோகஸ்டு கிரெடிட் என்ற நிதியம் இப்படித்தான் அடைபட்டது. ஒருகாலத்தில் 300 கோடி டாலருக்கு மேல் வைத்திருந்த நிதியம் அது. மிச்சமிருந்த சுமார் 79 கோடி டாலரை உடனே தர முடியாது, சரக்கு விற்க விற்கத் தருகிறோம் என்று அறிவித்துவிட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம் 2020 ஏப்ரல் 23. இந்தியாவில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட முதலீட்டாளர்களின் 25,000 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளே சிக்கியது. அவை உலகளாவிய நிதியங்கள் அல்ல. ஆனால் தரம் சற்றுக் குறைந்த கடன்களில் கூடுதல் வட்டி தேடியவை என்பதால் நோய் ஒன்றுதான். மூடப்பட்ட திட்டங்களில் ஒன்றின் பெயரில் 'மிகக் குறுகிய காலம்' என்ற பொருள்படும் சொல் இருந்தது. மக்கள் அதைச் சேமிப்புக் கணக்குக்கு அடுத்த வீடாக நினைத்துப் போட்டார்கள். வழக்குகள் உயர் நீதிமன்றங்களையும் உச்ச நீதிமன்றத்தையும் கண்டு, 2021 பிப்ரவரியிலிருந்து தவணை தவணையாகப் பணம் திரும்பியது. கடைசியில் மூடிய நாளின் மதிப்புக்குக் குறையாமலே வந்தது என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை? ஊரடங்கு, மருத்துவமனைச் செலவு, சம்பளமில்லாத வீடுகள். பணம் இருந்தது, கையில் இல்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு தேதி, அதே 2020 ஏப்ரல் 9. அமெரிக்க மத்திய வங்கி அன்று, அண்மையில் தரம் தாழ்ந்த பத்திரங்களையும் உயர் விளைச்சல் பத்திரங்களை வைத்திருக்கும் சந்தை நிதியங்களையும் தானே வாங்கத் தயார் என்று அறிவித்தது. அதோடு சந்தை நிமிர்ந்தது. ரிஸ்க் எடுப்பவருக்கே கூடுதல் லாபம் என்பதுதான் இந்தத் தொழிலின் தர்மசாஸ்திரம். ஆனால் ரிஸ்க் நிஜமாக வந்து நின்றபோது அதை எடுத்துக்கொண்டது அரசு. யாருடைய அரசு, யாருடைய ரிஸ்க்கை எடுத்துக்கொண்டது என்பதுதான் கேள்வி. டாலரை அச்சடிக்க முடியாத நாடுகளுக்கு இந்தக் குடை கிடையாது.

5

'உலகளாவிய' என்ற அடைமொழிக்கு வருவோம். உலகம் முழுக்கப் பரவியிருப்பதால் பாதுகாப்பு என்பது அதன் தொனி. நடைமுறையில் எந்த நாட்டில் அதிகக் கடன் வாங்கப்படுகிறதோ அந்த நாட்டின் பத்திரம்தான் குறியீடுகளில் அதிக இடம் பிடிக்கும். அதாவது அதிகக் கடனாளிக்கே அதிக மரியாதை. 2021க்கு முன் ஆசிய உயர் விளைச்சல் நிதியங்களில் சீன வீடுகட்டும் கம்பெனிகளின் டாலர் பத்திரங்கள் பெரும்பங்கு வகித்தது இப்படித்தான். எவர்கிராண்ட் 2021 டிசம்பரில் கடன் தவறியது. அதன் மொத்தப் பொறுப்பு 30,000 கோடி டாலரைத் தாண்டியது. கைசா, சுனாக், கன்ட்ரி கார்டன் என்று வரிசையாகச் சரிந்தன. ஆசியா முழுக்கப் பரவியிருப்பதாக நினைத்துப் போட்ட பணம் உண்மையில் ஒரு நாட்டின் ஒரு தொழிலில் குவிந்திருந்தது.

இதில் சட்டச் சூட்சுமமும் உண்டு. இத்தகைய டாலர் பத்திரங்களைப் பெரும்பாலும் தாய்க் கம்பெனியோ வெளிநாட்டுத் துணைக் கம்பெனியோ வெளியிடும். அது கேமன் தீவுகள் மாதிரி ஏதோ ஒரு தீவில் பதிவாகியிருக்கும். வீடும் நிலமும் சீனாவுக்குள் இருக்கிற வேறு கம்பெனிகளின் பெயரில். கவிழ்ந்தால் உள்ளூர்க் கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்தது போகத்தான் வெளிநாட்டுப் பத்திரக்காரருக்கு. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் எவர்கிராண்டைக் கலைக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவு சீனாவுக்குள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே அப்போது எழுந்த பெரிய கேள்வி. பத்திரக்காரர் ஒரு பக்கம் இருக்கட்டும். முன்பணம் கட்டி, பாதியில் நின்ற கட்டடத்துக்காக வங்கிக் கடனையும் கட்டிக்கொண்டிருந்த சீனக் குடும்பங்கள் 2022இல் தவணை கட்ட மறுத்துப் போராடின. நிதியத்தின் தகவல் ஆவணத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

பிறகு நாணயம். நிதியம் டாலரில், சேமிப்பவரின் வாழ்க்கை உள்ளூர்ப் பணத்தில். இடையிலுள்ள மாற்று விகிதம் ஒரே ஆண்டில் வட்டி முழுவதையும் தின்றுவிட முடியும். ஜப்பானில் 2009க்குப் பிறகு அமெரிக்கக் குப்பைப் பத்திரங்களின் மீது பிரேசில் ரியாலின் வட்டியையும் சேர்த்துத் தருவதாகச் சொன்ன நிதியங்கள் பரவலாக விற்பனையாயின. வாங்கியவர்களில் வயதானவர்கள் நிறைய. யென்னில் சேமித்து, டாலர் கம்பெனிக்குக் கடன் கொடுத்து, ரியாலின் மீது பந்தயம் கட்டியிருக்கிறோம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ரியால் சரிந்தபோது தெரிந்திருக்கும்.

மாதாமாதம் வருகிற அந்தக் காசையும் பார்த்துவிட வேண்டும். பல நிதியங்களின் ஆவணத்தில் சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும்: பகிர்ந்தளிக்கப்படும் தொகை முதலிலிருந்தும் வழங்கப்படலாம். அதாவது, உன் பணத்திலிருந்தே எடுத்து உனக்கே 'வருமானம்' என்று தருவார்கள். நிதியத்தின் மதிப்பு தேய்ந்துகொண்டே போகும். விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்டு மகசூல் என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

6

இதுவரை பேசியது கடன் கொடுத்தவருடைய ஆபத்து. நிதியங்களின் ஆவணங்களில் 'ஆபத்து' என்ற தலைப்பின் கீழ் வருவதெல்லாம் இது மட்டும்தான். கடன் வாங்கிய பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு ஒரு பிரதி கிடைக்கிறது. அதற்கு இலங்கையைவிடத் தெளிவான உதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

இலங்கை தன் முதல் பன்னாட்டுப் பிணைமுறியை 2007 அக்டோபரில் வெளியிட்டது. 50 கோடி டாலர், ஐந்தாண்டு, 8.25 சதவீத வட்டி. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. வாங்கியவர்கள் வட்டியைப் பார்த்தார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாவது பிணைமுறி, மீண்டும் 50 கோடி டாலர், இம்முறை 7.4 சதவீதம். விண்ணப்பங்கள் பல மடங்கு குவிந்தன. வட்டி குறைந்ததற்குச் சந்தையின் மொழியில் 'ஆபத்து குறைந்துவிட்டது' என்று பொருள். யாருக்குக் குறைந்தது? முகாம்களில் இன்னும் முள்வேலிக்குள் இருந்தவர்களுக்கு அல்ல என்பது நிச்சயம். ஆபத்து என்ற சொல்லின் பொருளை வரையறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் குரூரமான சான்று கிடையாது.

இந்த முறிகள் முதல் நாளிலிருந்தே முதலீட்டுத் தரத்துக்குக் கீழே இருந்தவை. கூடுதல் வட்டி தரப்பட்டதே ஒருநாள் தவறக்கூடும் என்பதற்கான கூலியாகத்தான். அந்தக் கூலியைப் பதினைந்து ஆண்டுகள் வாங்கினார்கள். மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், அரசுக் கடனைக் கற்பனை மூலதனத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார். கடனாக வாங்கிய பணம் செலவாகி மறைந்துவிடுகிறது. ஆனால் அதற்கான தாள் மட்டும் மூலதனம் போல வேடமிட்டுச் சந்தையில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. வரி கட்டும் மக்களின் வருங்காலத்தின் மீதான உரிமைச்சீட்டாக. 1894இல் எங்கெல்ஸ் பதிப்பித்த பக்கங்கள் அவை. கொழும்புக்கு அப்படியே பொருந்துகின்றன.

2022 ஜனவரி 18ஆம் தேதி இலங்கை 50 கோடி டாலர் பிணைமுறி ஒன்றை முழுசாகத் திருப்பிக் கட்டியது. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த நேரம். கட்ட வேண்டாம், அந்த டாலரை உணவுக்கும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருளியலாளர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை. சில வாரங்களில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வு தள்ளிவைப்பு. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே மாதம் சலுகைக் காலமும் முடிந்து, சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக நாடு கடன் தவறியது. அப்போது சுமார் 1,250 கோடி டாலர் பன்னாட்டுப் பிணைமுறிகள் நிலுவையில் இருந்தன.

அதன் பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. முறிகளின் விலை டாலருக்கு 30 சென்ட்டுக்கும் கீழே போனது. முதலில் வைத்திருந்த நிதியங்களில் சில நஷ்டத்தோடு விற்றுவிட்டு வெளியேற, மலிவாக வாங்கக் காத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். கரீபியத் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் நெவிஸில் பதிவான ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, குறிப்பிட்ட ஒரு முறி வரிசையில் கால் பங்குக்கு மேல் வைத்துக்கொண்டு, முழுத்தொகையும் வேண்டும் என்று 2022 ஜூனில் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. முறிகள் நியூயார்க் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை என்பதால் இலங்கை நாடாளுமன்றம் எதையும் மாற்ற முடியாது.

ஆனால் உள்நாட்டுக் கடன் இலங்கைச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. அதை மாற்ற முடியும், மாற்றினார்கள். 2023 ஜூலையில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், திறைசேரி முறிகளின் சுமை ஊழியர் சேமலாப நிதியத்தின் மீதும் அது போன்ற ஓய்வுக்கால நிதியங்கள் மீதும்தான் ஏற்றப்பட்டது. பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12 சதவீதமும் பிறகு 9 சதவீதமும் தரும் புதியவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் தனியார் கம்பெனிக் குமாஸ்தாவும் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பணம் அது. உயர் விளைச்சல் முறி என்று ஒன்று இருப்பதே அவர்களில் பலர் கேள்விப்பட்டிராதது. அதன் ஆபத்தை மட்டும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், வட்டி இல்லாமல்.

பன்னாட்டு முறிக்காரர்களோடு கொள்கையளவில் உடன்பாடு எட்டப்பட்டதாக 2024 செப்டம்பர் 19 அன்று அறிவிக்கப்பட்டது. ஜனாதிபதித் தேர்தல் 21ஆம் தேதி. வாக்குச்சீட்டு விழுவதற்கு இரண்டு நாள் முன்பே கடன் பேசி முடிக்கப்பட்டுவிட்டது. வென்று வந்த இடதுசாரிப் பின்னணி கொண்ட அரசு டிசம்பரில் அதையே நிறைவேற்றியது. முகமதிப்பில் 27 சதவீதம் வெட்டு. 30 சென்ட்டுக்கு வாங்கியவருக்கு 73 சென்ட் முகமதிப்புள்ள புதிய முறி வெட்டா, அறுவடையா என்று நீங்களே சொல்லுங்கள். புதிய முறிகளில் ஒரு வகை, நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கூடுதலாகத் தர வேண்டும் என்ற நிபந்தனை கொண்டது. தேறி எழுந்தால் அதிலும் ஒரு பங்கு.

7

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு பழைய நினைவு வரலாம். 1990களில் 24 சதவீதம், 36 சதவீதம் என்று வட்டி காட்டி நடுத்தரக் குடும்பங்களின் பணத்தை விழுங்கிய ஃபைனான்ஸ் கம்பெனிகள். அதனால் வந்த 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுவது எளிது; ஆனால் தவறு. அங்கே நடந்தவற்றில் பல அப்பட்டமான மோசடிகள். இங்கே எல்லாம் சட்டப்படி. எல்லா ஆபத்தும் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதிவிட்டோம், நீங்கள் படித்துக் கையெழுத்திட்டீர்கள், ஆகவே பொறுப்பு உங்களுடையது. எழுதுவது என்ற செயல் இங்கே பொறுப்பைக் கைகழுவுவதற்கான சடங்காக மாறிவிடுகிறது. பிரதி எல்லாவற்றையும் சொல்கிறது, யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

ஆகவே படிக்க வேண்டும். யாராவது இப்படியொரு நிதியத்தை உங்கள் முன்னால் நீட்டினால் கேட்க வேண்டியவை சில. விளம்பரத்தில் உள்ள எண் பத்திரங்களின் வட்டியா, விலைச்சரிவால் பெருத்த விளைச்சலா, முதலையும் சேர்த்துத் தருகிற பங்கீடா? டிரிபிள் சி தரத்தில் எவ்வளவு இருக்கிறது? எந்த நாட்டில், எந்தத் தொழிலில் குவிந்திருக்கிறது? பணம் எந்த நாணயத்தில் இருக்கிறது, மாற்று விகித ஆபத்துக்குக் காப்பு உண்டா? எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் கதவை மூடும் உரிமை நிதியத்துக்கு இருக்கிறதா? கட்டணம் எவ்வளவு? 2008இலும் 2022இலும் அது எவ்வளவு விழுந்தது? இவற்றுக்கு விற்பவர் நேராகப் பதில் சொல்லவில்லையென்றால் அதுவே பதில். அடுத்த மூன்று வருஷத்துக்குள் தேவைப்படுகிற பணம், மகள் படிப்புக்கோ அம்மா ஆபரேஷனுக்கோ வைத்திருக்கிற பணம், இங்கே போட வேண்டிய பணம் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

ஆவணத்தில் இடமில்லாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. இந்த விளைச்சலைக் கட்டுவது யார்? தமிழில் கடன் என்றால் பட்ட பாக்கி மட்டுமல்ல, கடமையும்தான். கடன் வாங்கிய நாட்டு மக்களுக்கு மட்டும் கடன் கடமையாகவும், கொடுத்தவருக்கு வெறும் பந்தயச் சீட்டாகவும் இருப்பது எந்த நியாயத்தில்? ஆபத்துக்கான கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர், ஆபத்து வந்த அன்று அதை ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும்? கடன்களைத் தணிக்கை செய்ய வேண்டும், யார் பெயரில் யார் வாங்கியது என்று பார்த்த பிறகே கட்ட வேண்டும் என்று இலங்கையில் 2022க்குப் பிறகு எழுந்த குரல்கள் கேட்டது இதைத்தான். சேமிக்கிற ஆசிரியரும் சேமலாப நிதி பறிபோன தையல் தொழிலாளியும் ஒரே தாளின் இரண்டு பக்கங்களில் நிற்கிறார்கள். ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி அந்தத் தாள் மடிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிப்பதை, படிப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இனியும் தள்ளிப்போட முடியாது.